பன்றிக்கு வந்த குழாய்

கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பேச்சி திடீரென்று குமட்டினாள். குடித்ததோடு சேர்ந்து வெளியே விழுந்ததைப் பார்த்து வெள்ளைத்தாய் அலறப் போனாள். அதற்குள் சோணைமுத்து எழுந்து அவள் வாயைப் பொத்திவிட்டான்.

"சத்தம் போடாத. தெருவுல ஆளுக இருக்காக."

சிந்திய கஞ்சிக்கு நடுவே, சாண் நீளத்தில் வெளிறிய புழு ஒன்று நெளிந்தது. சோணைமுத்து அடுப்புச் சாம்பலை இரண்டு கையாலும் அள்ளி அதன்மேல் கொட்டினான்.

ஆறு வயதுப் பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

"நான் மண்ணு திங்கலம்மா. சத்தியமா திங்கல."

வெள்ளைத்தாய் புருஷன் கையைத் தட்டிவிட்டாள். "பிள்ளைய டவுனாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்யா."

"போவம். இன்னைக்கு வேணாம். இன்னைக்கு மாட்டாஸ்பத்திரி டாக்டரு குட்டிகளப் பாக்க வாராரு. இது அவரு காதுல விழுந்துச்சுன்னா, பன்னியாலதான் பிள்ளைக்கு வந்துச்சும்பாக. குட்டிகள ஏத்திட்டுப் போயிருவாக."

"பிள்ள பெருசா, பன்னி பெருசா ஒனக்கு?"

சோணைமுத்து சாம்பலையும் அதற்கடியில் கிடந்ததையும் ஓர் உடைந்த பானை ஓட்டில் வாரிக்கொண்டு கொல்லைப்புறம் போனான்.

எம். ரெட்டியபட்டிக்குத் தெற்கே, பஸ் போகாத கரிசல் கிராமம் அது. ஊர் மேட்டில் இருந்தது. காலனி பள்ளத்தில் இருந்தது. ஊரில் மாடு செத்தால் தூக்கிப்போட்டுத் தோலை உரிப்பதும், சாவுச் செய்தி கொண்டு ஊர் ஊராய் நடப்பதும் சோணைமுத்துவின் அப்பன் செய்த வேலை. அவனுக்குப் பிறகு சோணைமுத்து செய்தான். அரசாங்கத்தின் பன்றி வளர்ப்புத் திட்டத்தில் காலனிக்காரர்களுக்கு வெள்ளைப் பன்றிக்குட்டிகள் கொடுத்தபோது, அவன் பெயரிலும் இரண்டு குட்டிகள் வந்தன. அவன் பெயரில் இந்த உலகத்தில் வந்த முதல் உடைமை அதுதான். குட்டிகள் வளர்ந்து ஈன்று பெருகிவிட்டால், செத்த மாட்டைத் தூக்க ஆள் வந்து கூப்பிடும்போது, 'எனக்கு வேல இருக்கு, வரமுடியாது' என்று சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் அவன் அந்தக் குட்டிகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தான்.

எல்லாக் குட்டிகளுக்கும் சேர்த்துக் காலனியின் கடைசியில் ஓட்டுக்கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். காலனியில் ஓடு வேய்ந்த கூரை அது ஒன்றுதான்.

ஆனால் குட்டிகள் வளரவில்லை. வந்தபோது உருண்டு திரண்டு இருந்தவை இப்போது முதுகெலும்பு துருத்தி, வயிறு மட்டும் பானையாகி, ரோமம் செத்துப்போய் நின்றன. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் தின்றது எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஒன்று இருமினால் அடுத்தது இருமியது.

டாக்டர் தனுஷ்கோடி வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார். அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. படிப்பு முடிந்து வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ரெட்டியபட்டி வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து வாடகை சைக்கிளில் வந்தார். சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டியைக் கட்டியிருந்தார்.

கொட்டகைக்குள் நுழைந்து ஒரு குட்டியைத் தூக்கி, இமையைப் பிதுக்கிப் பார்த்தார். உள்ளே ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது.

"ராத்திரி இருமுதா?"

"விடிய விடிய இருமுதுங்க சாமி," என்றான் சோணைமுத்து.

"சாமின்னு கூப்பிடாதீங்க. கழிச்சல் எப்படி?"

அவர் 'நீங்க' போட்டுப் பேசியது சோணைமுத்துவுக்குக் கூச்சமாக இருந்தது. தலையைச் சொறிந்தான். வெள்ளைத்தாய் வேலிக்கு அப்பால் நின்றபடி, "ஒருநா களியா, ஒருநா தண்ணியா போகுதுங்கய்யா," என்றாள்.

டாக்டர் அப்போதுதான் விழுந்திருந்த சாணத்தைக் குட்டிவாரியாகச் சின்னப் புட்டிகளில் எடுத்துக்கொண்டார். கவிழ்த்துப் போட்டிருந்த ஓர் உரலின்மேல் மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்து பூதக்கண்ணாடிக் கருவி வந்ததும் காலனிச் சனம் சுற்றிக் கூடிவிட்டது. சாணத்தை உப்புக் கரைசலில் கலக்கித் துணியில் வடித்தார். வடித்ததைக் குப்பியின் விளிம்பு வரை ஊற்றி, அதன்மேல் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்தார். புழுவின் முட்டை இருந்தால் அது மிதந்துவந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்றார். எல்லோரும் அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பிறகு கண்ணாடித் துண்டைக் கருவிக்குள் வைத்துக் குனிந்தவர், நிமிராமலே பெருமூச்சு விட்டார். அடுத்த குப்பியை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். எல்லாவற்றிலும் இருந்தது.

"நான் பாக்கலாமாய்யா?" என்றாள் வெள்ளைத்தாய்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் நகர்ந்து இடம் விட்டார். அவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"மஞ்ச மஞ்சளா உருண்டையாத் தெரியுது. மேல பாவக்கா தோலு கணக்கா சொரசொரன்னு இருக்கு."

"அதுதாம்மா முட்டை. வயித்துக்குள்ள இருக்கிற ஒரு பெட்டைப் புழு ஒரே நாள்ல லட்சக்கணக்குல போடும். சாணத்தோட வெளிய வந்து மண்ணுல கிடக்கும். திரும்ப வாய் வழியா உள்ள போனா அங்க புழுவாகும். நுரையீரல் வழியாத்தான் குடலுக்குப் போகும். இருமல் அதனாலதான்."

வெள்ளைத்தாய் தலையைத் தூக்கவில்லை. குனிந்தபடியே கேட்டாள். "மனுசப் பிள்ள வகுத்துல இருந்தா அது எப்பிடி இருக்கும்?"

"ஏ புள்ள!" என்று சோணைமுத்து பல்லைக் கடித்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். பேச்சியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து டாக்டர் முன்னால் நிறுத்தினாள். பாவாடைக்கு மேலே பிள்ளையின் வயிறு பானைபோல் நின்றது. கையும் காலும் குச்சியாக இருந்தன. தலைமுடி செம்பட்டையாகிச் சிலிர்த்திருந்தது.

"காலையில வாயால ஒண்ணு வந்துச்சுய்யா. இவரு சொல்ல வேணாம்னாரு. சொல்லிட்டேன். பன்னிய ஓட்டிட்டுப் போறதுன்னாப் போங்க."

டாக்டர் பேச்சியைப் பார்த்தார். கொட்டகைக்குள் இருந்த குட்டிகளைப் பார்த்தார். கூட்டத்தில் தாய்மார்களின் இடுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகளையும் பார்த்தார்.

"பன்னிக வரும்போது இத எடுத்துட்டு வரல," என்றார் மெதுவாக. "குடுக்கிறதுக்கு முன்னாடி நானேதான் சோதிச்சேன். எல்லாம் சுத்தமா இருந்துச்சு. இங்க வந்தப்புறம்தான் பிடிச்சிருக்கு. நீங்க எங்க தண்ணி எடுக்கிறீங்க?"

கூட்டம் கிழக்கே கையைக் காட்டியது.

காலனிக்கும் ஊருக்கும் நடுவே சரிவில் ஓர் உடைமரக்காடு இருந்தது. ஊர்ச்சனம் முழுவதும் விடிந்தும் விடியாமலும் ஒதுங்குகிற இடம் அதுதான். மழை பெய்தால் அந்தக் காட்டைக் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர் சரிவில் இறங்கி ஒரு குட்டையில் தேங்கும். காலனிக்குக் குடிதண்ணீர் அதுதான். பன்றிகளுக்கும் அதுதான். மேட்டில் ஊர்க்கிணறு இருந்தது. கரண்டு வந்தபிறகு அதில் மோட்டார் வைத்து, ஊர்த்தெருவுக்குக் குழாய் போட்டிருந்தார்கள். காலனிச் சனம் அந்தக் கிணற்றடிக்குப் போகக்கூடாது.

டாக்டர் குட்டையோரத்துச் சேற்றை அள்ளி வந்து அதையும் கருவியில் வைத்துப் பார்த்தார். அதே மஞ்சள் உருண்டைகள் கிடந்தன.

"இது மனுச முட்டையா, பன்னி முட்டையாய்யா?" என்று கேட்டாள் வெள்ளைத்தாய்.

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும்மா. பாத்து வித்தியாசம் சொல்ல முடியாது."

குட்டிகளுக்குப் புழு மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார். பேச்சியை உடனே அருப்புக்கோட்டைக்குத் தூக்கிப் போகச் சொன்னார். "மருந்து குடுத்தா இருக்கிற புழு விழுந்திரும். ஆனா அதே தண்ணியக் குடிச்சா திரும்ப வரும். பிள்ளைக்கும் வரும், பன்னிக்கும் வரும்."

அங்கிருந்து அவர் நேரே பஞ்சாயத்துத் தலைவர் தங்கசாமியைப் பார்க்கப் போனார். தங்கசாமி பருத்தி குடோனில் தாட்டு மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோடைக்குத் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறவர். கோயில் கொடைக்கு முதல் ஆளாய் நிற்கிறவர். டாக்டருக்கு உடனே சோடா வாங்கிவரச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பன்னியத் திங்கிற சனத்துக்குப் புழு வராம என்ன வரும், டாக்டர் தம்பி?"

"பன்னிகிட்ட இருந்து வரலைங்க. குட்டையில இருந்து வருது. அந்த உடைமரக்காட்டுல ஒதுங்குறது அவங்க இல்லையே."

தங்கசாமியின் முகம் கறுத்தது.

"சரி, என்ன செய்யணுங்கிறீக?"

"பன்னிக்கொட்டகைக்குக் குழாய் இழுத்துத் தொட்டி கட்டணும். அரசாங்கக் குட்டிக. ஐப்பசியில மெட்ராஸ்ல இருந்து பெரிய அதிகாரி பாக்க வர்றாரு. செத்துப்போயிருந்தா பஞ்சாயத்துக்குத்தான் கெட்ட பேரு."

"அதுக்கென்ன, இழுத்துருவம்."

"அப்படியே போற வழியில காலனித் தெருவுல ஒரு குழாய் வச்சிட்டா..."

தங்கசாமி சிரித்தார். "தம்பி, பன்னிக்குத் தண்ணி விடுறது வேற. அது வாயில்லாத சீவன், குடிச்சிட்டுப் பேசாமப் போயிரும். இவுகளுக்கு விட்டா நாளைக்குக் கெணத்துல பாத்தியதை கேப்பாக."

"சட்டம் இருக்குங்க."

"இருக்கட்டும். சட்டம் சாயங்காலப் பஸ்ஸுல அருப்புக்கோட்டைக்குத் திரும்பிப் போயிரும். இதுக எங்க காட்டுலதான களை வெட்டணும்?"

டாக்டர் சோடாவைக் குடிக்காமல் எழுந்தார். ஆனாலும் பன்றிக்காவது கிடைத்ததே என்று ஒரு பக்கம் சமாதானப்பட்டுக்கொண்டார். அவர் வேலை பன்றியோடு முடிகிறது. அதற்குமேல் வாதாட அவருக்கு அதிகாரமும் இல்லை, துணிச்சலும் போதவில்லை.

பேச்சிக்கு டவுன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். புழுக்கள் கொத்தாக விழுந்தன. கொஞ்ச நாளில் பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் வந்தது. தெருவில் மற்றப் பிள்ளைகளோடு பாண்டி விளையாடினாள். இன்னும் கஞ்சி வேண்டும் என்று கேட்டாள். வெள்ளைத்தாய்க்கு அந்தக் கேள்வியைக் கேட்கக் கேட்கத் தெவிட்டவில்லை.

அந்த நாட்களில்தான் குழாய் வந்தது. கிணற்றடியிலிருந்து காலனித் தெருவின் நடுவாகப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டியவர்கள் காலனிக்காரர்கள். ஒவ்வொரு வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு போன இரும்புக்குழாய், எந்த வாசலிலும் வாய் திறக்காமல் கொட்டகையில் போய் முடிந்தது. அங்கே சிமிண்டுத் தொட்டி கட்டி, குழாய்க்குத் தகரக்கூடும் பூட்டும் போட்டார்கள். ஊர்த் தண்ணி திறக்கிற உக்கிரபாண்டி காலையும் மாலையும் வந்து பூட்டைத் திறப்பான். தொட்டி நிறைந்து, பன்றிகள் குடித்து முடிக்கும்வரை கம்போடு நிற்பான்.

முதல் நாளே வெள்ளைத்தாய் குடத்தோடு போனாள்.

"பன்னிக்கு மட்டுந்தான் உத்தரவு," என்றான் உக்கிரபாண்டி.

"ஒரு கொடம்ணே. பிள்ளைக்குக் குடிக்க மட்டும்."

"எனக்கென்ன தாயி, ஒரு கொடத்துல நான் கொறஞ்சா போயிருவேன்? தலைவரு காதுக்குப் போச்சுன்னா என் வேல போயிரும்."

அவன் வேறு பக்கம் திரும்பியபோது அவள் தொட்டியில் குடத்தை முக்கினாள். அன்று பேச்சி குடித்த தண்ணீரில் அழுகிய இலையும் சேறும் நாறவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே எடுத்தாள். மூன்றாம் நாள் தங்கசாமியின் ஆட்கள் வந்து, குடத்தை அவள் இடுப்பிலிருந்து பிடுங்கித் தரையில் அடித்தார்கள். காலனி ஆண்களைக் கூப்பிட்டு, இனி யாராவது தொட்டியில் கை வைத்தால் குழாயைப் பிடுங்கிவிடுவோம் என்றும், களைவெட்டுக்கு வெளியூர் ஆட்களைக் கூட்டிவருவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சோணைமுத்து அன்று அவளை அடிக்கவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து கும்பிட்டான். "வேணாம் புள்ள. எல்லாரு வகுத்துலயும் மண்ணு விழுந்துரும்."

பக்கத்து வீட்டு ஜக்கம்மாளும் அதையே சொன்னாள். அவள் மருமகள் இடுப்பில் கைப்பிள்ளை இருந்தது. "நாம என்ன புதுசாவா அந்தக் குட்டத் தண்ணியக் குடிக்கோம்?"

வெள்ளைத்தாய் குட்டைத் தண்ணீரைச் சேலையில் வடித்தாள். அடுப்பெரிக்கப் பருத்திமார் கிடைத்த நாளில் கொதிக்கவைத்தாள். கிடைக்காத நாளில் அப்படியே கொடுத்தாள். அவள் காட்டு வேலைக்குப் போன பிறகு, தாகம் எடுத்த பிள்ளை குட்டைக்குப் போய்க் கையால் அள்ளிக் குடித்தது. அதைத் தடுக்க வீட்டில் ஆள் இல்லை.

ஆவணியில் பேச்சியின் வயிறு மறுபடி உப்பியது. புரட்டாசியில் ஒரு காலை, வெள்ளைத்தாய் களை வெட்டிக்கொண்டிருந்த காட்டுக்கு ஜக்கம்மாள் ஓடிவந்தாள். வீட்டில் பேச்சி முழங்காலை மடக்கிக்கொண்டு உருண்டாள். வயிறு கல்லாக இறுகியிருந்தது. பச்சையாக வாந்தி எடுத்தாள். சோணைமுத்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தல்குடி ரோட்டை நோக்கி ஓடினான். வெள்ளைத்தாய் பின்னால் ஓடினாள். ரோட்டில் ஒரு தூத்துக்குடி உப்பு லாரிக்காரன் நிறுத்தி ஏற்றிக்கொண்டான்.

"தண்ணி வேணும்மா," என்றாள் பேச்சி, லாரியில் அம்மா மடியில் கிடந்தபடி.

லாரிக்காரன் தன் தண்ணீர்க் கேனை எடுத்துக் கொடுத்தான். யார், என்ன என்று கேட்கவில்லை. பேச்சி ஒரு வாய் குடித்தாள். உடனே வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். புழுக்கள் பந்தாகத் திரண்டு குடலை அடைத்துவிட்டன, முன்னாலேயே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சியின் கை அம்மாவின் சேலையை விட்டுவிட்டது.

ரெட்டியபட்டி வரை பஸ்ஸும் பிறகு நடையுமாகப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். புதைப்பதற்கு முன் குளிப்பாட்டக் காலனிப் பெண்கள் குட்டையிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தார்கள். வெள்ளைத்தாய் அந்தக் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். ஒரு பானையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். உக்கிரபாண்டி குழாயைத் திறந்துகொண்டு நின்றான். அவளைப் பார்த்ததும் கம்பைக் கீழே வைத்தான். அவள் பானையைக் குழாய்க்கு நேரே பிடித்து நிறைத்தாள். அவன் அதைத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டான்.

"தலைவர்கிட்ட நான் சொல்லமாட்டேன் தாயி," என்றான்.

"சொல்லுண்ணே," என்றாள் அவள்.

ஐப்பசியில் மெட்ராஸ் அதிகாரி ஜீப்பில் வந்தார். கொட்டகை வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். குட்டிகள் இப்போது குட்டிகளாக இல்லை. மினுமினுவென்று, இளஞ்சிவப்புத் தோல் இறுகி, தொட்டியில் வாயை வைத்து உறிஞ்சிக் குடித்தன. சோணைமுத்துவை வெள்ளை வேட்டி கட்டி முன்னால் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அவன் கண் யாரையும் பார்க்கவில்லை.

டாக்டர் தனுஷ்கோடி முந்தின நாளே வந்து சாணத்தைச் சோதித்திருந்தார். அப்போதுதான் பேச்சியைப் பற்றிக் கேட்டார். பதில் கிடைத்த பிறகு வெகுநேரம் கருவியை மூடாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது அதிகாரி கேட்டதும் தலை குனிந்தபடி சொன்னார்.

"எல்லாம் சுத்தம் சார். ஒரு முட்டைகூட இல்ல."

"பலே! ஜில்லாவிலேயே இதுதான் முதல். தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருக்கிறதே."

"நாங்க ஊருக்குள்ள குடிக்கிற அதே தண்ணிதாங்க," என்றார் தங்கசாமி மாலையைச் சரிசெய்துகொண்டு. "பன்னிதானேன்னு நாங்க வித்தியாசம் பாக்கிறதில்ல."

அப்போது வெள்ளைத்தாய் இடுப்பில் குடத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தோரணத்துக்குக் கீழே குனிந்து கொட்டகைக்குள் நுழைந்தாள். இரண்டு பன்றிகளுக்கு நடுவே நின்று குடத்தைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு அடியில் வைத்தாள்.

தங்கசாமியின் ஆள் ஒருவன் முன்னால் வந்தான். தங்கசாமி அவனைக் கண்ணால் நிறுத்தினார். அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது எதுவும் செய்ய முடியாது.

"ஏத்தா, அது பன்னித் தொட்டி," என்றார் சிரித்த முகத்தோடு.

"தெரியும்யா. பன்னி குடிக்கிற தண்ணியத்தான் பிடிக்கேன். ஊர்த் தண்ணியத் தொடல."

குடம் நிறையும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வேலியருகே ஜக்கம்மாளின் மருமகள் கைப்பிள்ளையோடு நின்றிருந்தாள். ஜக்கம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். காலனித் தெருவில் ஒவ்வொரு வாசலிலிருந்தும் குடங்கள் வெளியே வந்தன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

அதிகாரி டாக்டர் பக்கம் குனிந்து கவலையோடு கேட்டார்.

"இப்படி எடுத்தால் பன்றிகளுக்குத் தண்ணீர் பத்தாமல் போய்விடாதா?"

டாக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் வெள்ளைத்தாய் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் எதிரே வந்துவிட்டாள்.

"பன்னிக தேறிருச்சுகய்யா," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வழி விட்டார்கள். அவள் தன் வீட்டைத் தாண்டி நடந்தாள். அங்கே குடிக்கப் பிள்ளை இல்லை. ஜக்கம்மாள் வீட்டு வாசலில் குடத்தை இறக்கி, அவர்கள் பானையில் கிடந்த குட்டைத் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரை அதில் ஊற்றினாள். பிறகு வெறுங்குடத்தோடு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.